ஹார்மோன் மாத்திரைக்குப் பதிலாகத் தாது மாத்திரையா? மோல்மீன் வாசகிக்கு மருத்துவரின் பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, மியான்மரின் மோல்மீனிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 54. தைராய்டு குறைவுக்கு 75 மைக்ரோகிராம் தைராக்சினும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறேன். நெஞ்செரிச்சலுக்காக இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒமெப்ரசோலும் உண்டு. என் நாத்தனார் மகன் சத்து மாத்திரை வியாபாரம் செய்கிறான். "அத்தை, உடம்பில் ஹார்மோன் இருந்தால் மட்டும் போதாது, செல்லுக்குள்ளே அது வேலை செய்யத் தாதுக்கள் வேண்டும். இவற்றைச் சாப்பிட்டால் மற்ற மாத்திரைகளை மெல்ல விட்டுவிடலாம்" என்று சொல்லி, கால்சியமும் இரும்பும் கலந்த மாத்திரை ஒன்றும், மக்னீசியம், துத்தநாகம், செலினியம், குரோமியம் கலந்த மாத்திரை ஒன்றும் கொடுத்தான். நான்கு மாதமாக எல்லாவற்றையும் காலையில் பால் தேநீரோடு சேர்த்தே விழுங்கி வருகிறேன். சென்ற மாதம் பார்த்த ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு 3-லிருந்து 14 ஆக ஏறியிருக்கிறது. இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, முடியும் கொட்டுகிறது. அவன் சொல்வது சரிதானா? தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, இன்றே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். தைராய்டு மாத்திரையையும் மெட்ஃபார்மினையும் நிறுத்தாதீர்கள். டி.எஸ்.எச். என்பது தைராய்டு ஹார்மோன் போதாதபோது சுரப்பியைத் தூண்டுவதற்காக ஏறும் இன்னொரு ஹார்மோன். உங்களுக்கு அது ஏறியதற்கு மிகவும் சாத்தியமான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கால்சியமும் இரும்பும் தைராக்சினோடு ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போனால், குடலில் அதைப் பற்றிக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாமல் செய்கின்றன. பால் ஊற்றிய தேநீரும் தன் பங்குக்கு அதைக் குறைக்கிறது. அதாவது, 75 மைக்ரோகிராம் மாத்திரையை நீங்கள் விழுங்கிய போதிலும், உடம்புக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. ஹார்மோனுக்குத் துணையாக இருக்கும் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட தாதுக்களே அந்த ஹார்மோனை வாசலில் நிறுத்திவிட்டன.

இனி உங்கள் நாத்தனார் மகன் சொன்னதற்கு வருகிறேன். செல்லுக்குள் ஹார்மோன் வேலை செய்யத் தாதுக்கள் வேண்டும் என்று அவர் சொன்னது முழு உண்மை. அதை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதிலிருந்து, தாதுக்களைச் சாப்பிட்டால் ஹார்மோன் மாத்திரை தேவையில்லை என்ற முடிவுக்கு அவர் போனதுதான் தவறு. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் விளங்க வேண்டுமானால், செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

அமெரிக்க அறிவியலாளர் எர்ல் சதர்லாந்து 1950களில் செய்த ஆய்விலிருந்து தொடங்குவது பொருத்தம். அட்ரினலினும், கணையம் சுரக்கும் குளூக்ககான் என்ற ஹார்மோனும் ஈரலில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகின்றன என்பது அப்போதே தெரிந்திருந்தது. எப்படி என்பது தெரியவில்லை. சதர்லாந்தும் அவருடன் பணிபுரிந்த தியோடர் ராலும் ஈரல் செல்களை அரைத்துக் கூழாக்கி, சவ்வுத் துண்டுகள் உள்ள பகுதியைத் தனியாகவும் தெளிந்த நீரைத் தனியாகவும் பிரித்தார்கள். தெளிந்த நீரில் ஹார்மோனைச் சேர்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. சவ்வுத் துண்டுகளோடு ஹார்மோனையும், ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறையும், மக்னீசியத்தையும் சேர்த்து வைத்தபோது, கொதிக்க வைத்தாலும் அழியாத ஒரு சிறிய பொருள் உண்டாயிற்று. அந்தப் பொருளை மட்டும் எடுத்துத் தெளிந்த நீரில் சேர்த்தால், ஹார்மோன் இல்லாமலேயே ஹார்மோனின் வேலை நடந்தது. சைக்ளிக் ஏ.எம்.பி. என்று இன்று நாம் அழைக்கும் அந்தப் பொருள்தான் "இரண்டாம் தூதர்". ஹார்மோன் செல்லின் வெளிச்சவ்விலேயே நின்றுவிடுகிறது, உள்ளே செய்தியைக் கொண்டுபோவது வேறொன்று என்பதை உலகுக்குக் காட்டிய இந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வுக் குழாயில் மக்னீசியம் இருந்தது தற்செயலன்று. இரண்டாம் தூதரை உண்டாக்கும் நொதிக்கு மக்னீசியம் இல்லாமல் வேலை நடக்காது.

இன்சுலின் வேறு வழியில் பேசுகிறது, ஆனால் அங்கும் மக்னீசியம் உண்டு. செல்லின் சவ்வில் ஹார்மோனை வரவேற்கும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். இன்சுலின் வந்து பற்றியதும், அதன் ஏற்பியின் உட்பகுதி ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து முதலில் தன்மீதும் பிறகு அடுத்த புரதத்தின்மீதும் ஏற்றுகிறது. அந்தப் புரதம் அடுத்ததைத் தூண்ட, தசைச் செல்லின் உள்ளே காத்திருக்கும் சர்க்கரை வாயில்கள் மேலே வந்து திறக்கும்வரை இந்தத் தொடர் நீள்கிறது. செல்லுக்குள் ஏ.டி.பி. பெரும்பாலும் தனித்து இருப்பதில்லை. மக்னீசியத்தைப் பற்றிக்கொண்டேதான் இருக்கிறது, அந்த உருவில்தான் நொதிகளும் அதை ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே மக்னீசியம் மிகவும் குறைந்தவரிடம் இன்சுலினின் செய்தி மங்கிப்போவதில் வியப்பில்லை. இதன் மறுபக்கமும் உண்மை: சர்க்கரை கட்டுப்படாமல் சிறுநீரில் இறங்கும்போது மக்னீசியமும் அதனோடு சேர்ந்து வெளியேறுகிறது.

கால்சியத்தின் கதை இன்னும் அழகானது. எலும்புக்குக் கால்சியம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். செல்லுக்குள் அது செய்யும் வேலையைப் பற்றி யாரும் நம்மிடம் சொல்வதில்லை. லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டு ஆராய்ந்து வந்தார். வடித்தெடுத்த தூய நீரில்தான் கரைசல் தயாரிக்கப்படுகிறது என்று அவர் நினைத்திருக்க, உண்மையில் அது லண்டன் குழாய்த் தண்ணீரில் தயாரிக்கப்பட்டிருந்தது. தூய நீருக்கு மாறியதும் இதயத்தின் துடிப்பு தளர்ந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதைத் துடிக்க வைத்தது என்று 1883இல் அவர் எழுதினார். அட்ரினலின் சுரக்கும்போது நம் நெஞ்சு வேகமாகவும் பலமாகவும் அடித்துக்கொள்வதற்கும் இதுவே அடிப்படை: இரண்டாம் தூதர் வழியாக இதயச் செல்லின் கால்சியக் கால்வாய்கள் கூடுதலாகத் திறக்கின்றன.

இது நடப்பதற்குக் காரணம், செல் கால்சியத்தை உள்ளே சேரவிடாமல் எந்நேரமும் வெளியேற்றிக்கொண்டே இருப்பதுதான். ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் கட்டற்ற கால்சியத்தின் அளவு, வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு காலியாக வைத்திருப்பதால், கொஞ்சம் கால்சியம் உள்ளே வந்தாலும் அது உரத்த செய்தியாகிவிடுகிறது. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் ரத்தக்குழாயைச் சுருக்குவதும், ஆக்சிடாசின் பிரசவத்தில் கருப்பையை இறுக்குவதும் இப்படித்தான். செல்லுக்குள் பூட்டி வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும் ஐ.பி.3 என்ற மூலக்கூறு 1983இல் அடையாளம் காணப்பட்டது. வெளிவந்த கால்சியம் கால்மோடுலின் என்னும் புரதத்தில் நான்கு இடங்களில் அமர்ந்து, அதன் வடிவத்தை மாற்றி, அடுத்த நொதிகளை எழுப்புகிறது. கணையம் இன்சுலினைச் சுரப்பதும் அதன் பீட்டா செல்லுக்குள் கால்சியம் நுழையும் அந்தக் கணத்தில்தான். அப்படி வெளிவரும் இன்சுலின், அதுவரை ஆறு ஆறாகச் சேர்ந்து இரண்டு துத்தநாக அயனிகளைச் சுற்றி அடுக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் தைராய்டு ஹார்மோனுக்கு வருவோம். இது மேலே சொன்னவை போலச் சவ்வில் நிற்பதில்லை. செல்லுக்குள்ளும் அதன் கருவுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. சுரப்பியில் அதைக் கட்டும் நொதிக்கு இரும்பு வேண்டும். செல்லுக்குள் போனபின் ஓர் அயோடின் அணுவை நீக்கி, வீரியம் மிக்க டி3 ஆக மாற்றும் நொதியில் செலினியம் இருக்கிறது. அந்த டி3 போய் அமரும், செல்லின் கருவுக்குள் உள்ள ஏற்பி மரபணுவைப் பற்றிக்கொள்வதற்கு இரண்டு துத்தநாக அணுக்கள் வேண்டும். துத்தநாகத்தைச் சுற்றி மடிந்து விரல்போல் நீளும் இந்த அமைப்பை ஆரன் கிளக் என்ற அறிவியலாளரின் குழு 1985இல் தவளை முட்டைச் செல்லின் ஒரு புரதத்தில் கண்டறிந்தது. பின்னர் ஈஸ்ட்ரோஜன், கார்ட்டிசால், வைட்டமின் டி ஆகியவற்றின் ஏற்பிகளிலும் துத்தநாகம் தாங்கிய விரல்கள் இருப்பது தெரியவந்தது. நம் நாட்டில் ஷான் மலைகளிலும் சின் மலைகளிலும் கழுத்துக் கழலை அதிகம் இருந்து வந்ததை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மழை மண்ணிலிருந்து அயோடினைக் கரைத்துக்கொண்டு போய்விட, உணவிலும் அது இல்லாமல் போயிற்று. ஒரே ஒரு தாது குறைந்தால் ஹார்மோன் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வளவும் உண்மையாக இருக்கும்போது, தாதுக்களை அதிகமாகச் சாப்பிட்டால் ஹார்மோன் நன்றாக வேலை செய்யாதா என்று கேட்கத் தோன்றும். ஓர் ஏருக்கு இரண்டு மாடு வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் உழவு நின்றுவிடும். அதற்காகப் பத்து மாடுகளை வாங்கிக் கட்டினாலும் அந்த ஏர் ஐந்து மடங்கு உழுதுவிடாது. ஏற்பியில் துத்தநாகத்துக்கு இருக்கும் இடம் இரண்டே. அவை நிரம்பியபின் மூன்றாவது அணுவுக்கு அங்கே வேலை இல்லை. மேலும், உங்களுக்குக் குறைந்திருப்பது தாது அன்று, ஹார்மோன். உங்கள் வயதில் வரும் தைராய்டு குறைவில் பெரும்பாலானவை, உடம்பின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கி அழிப்பதால் வருபவை. சுரப்பி தைராக்சினைத் தர முடியாத நிலையில், செல்லுக்குள் செலினியமும் துத்தநாகமும் எவ்வளவு காத்திருந்தாலும் அவற்றுக்குச் செய்வதற்கு ஒன்றும் கிடைக்காது.

ஆனால் தாது உண்மையாகவே குறைந்தவரிடம் அதைக் கொடுக்காமல் எதுவும் நடக்காது என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் எங்களைப் போன்றவர்கள் பார்க்கும் ஒரு நிலையைச் சொல்கிறேன். நோயாளிக்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கி, விரல்கள் மரத்து, கை இழுத்துக்கொள்கிறது. கால்சியத்தை ஊசியில் ஏற்றினால் சற்று உயர்ந்து மறுபடியும் இறங்கிவிடுகிறது. கால்சியம் இவ்வளவு குறைந்தால், அதை உயர்த்தும் பாராதைராய்டு ஹார்மோன் எகிறி நிற்க வேண்டும்; பரிசோதித்தால் அது போதிய அளவுக்கு உயரவே இல்லை. மக்னீசியத்தைப் பார்த்தால் அதுதான் அடிமட்டத்தில் இருக்கிறது. மக்னீசியம் கடுமையாகக் குறையும்போது பாராதைராய்டு செல்லின் உட்செய்தி குழம்பி ஹார்மோன் வெளிவருவது தடைப்படுகிறது. வெளிவந்த கொஞ்சமும் எலும்பில் சரியாக எடுபடுவதில்லை. மக்னீசியத்தை ஊசியில் ஏற்றியதும் சில நிமிடங்களிலேயே ஹார்மோன் உயரத் தொடங்குகிறது. எலும்பு அதற்குச் செவிசாய்த்துக் கால்சியம் நிலைபெறச் சில நாட்கள் ஆகின்றன. நீடித்த வயிற்றுப்போக்கு, மதுப்பழக்கம் ஆகியவற்றோடு இந்த நிலைக்குக் கொண்டுவிடும் இன்னொரு காரணம், ஆண்டுக்கணக்காகச் சாப்பிடும் ஒமெப்ரசோல். இது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011இலேயே எச்சரித்திருக்கிறது.

இதை இவ்வளவு விரிவாக எழுதியதற்குக் காரணம் உங்கள் கெண்டைக்கால்தான். நீங்கள் இரண்டு ஆண்டுகளாக ஒமெப்ரசோல் சாப்பிடுகிறீர்கள், சர்க்கரையும் இருக்கிறது. ஆகவே மக்னீசியம் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. அதே சமயம், தைராய்டு ஹார்மோன் குறைந்தாலே தசை பிடித்துக்கொள்ளும், முடியும் கொட்டும், டி.எஸ்.எச். 14 இருக்கும் உங்களுக்கு இரண்டையும் அதுவே விளக்கிவிடக்கூடும். ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். உடம்பிலுள்ள மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்த நீரில் இருப்பதில்லை என்பதால், அளவு சரியாக இருப்பதாகக் காட்டினாலும் உள்ளே சற்றுக் குறைந்திருக்கலாம். ஆனால் அறிக்கையில் குறைவு என்று வந்துவிட்டால் அதை நம்பலாம், மருத்துவரிடம் காட்டி அதற்குரிய அளவில் மக்னீசியம் எடுத்துக்கொள்ளலாம். கிரியாட்டினினை விட்டுவிடாதீர்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மக்னீசியம் வெளியேறாமல் உடம்பில் தேங்கி, நரம்பையும் இதயத்தையும் மந்தப்படுத்தும். சர்க்கரை உள்ளவர்கள் யாரும் சிறுநீரகத்தைப் பார்க்காமல் மக்னீசிய மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுவதை நான் ஏற்பதில்லை.

அந்தக் கலவை மாத்திரையில் உள்ள மற்றவற்றைப் பற்றியும் என் கருத்தைக் கேட்டால், அதை நிறுத்திவிடுங்கள் என்பேன். குரோமியம் இன்சுலினுக்கு உதவும் என்ற பேச்சு 1959இலிருந்து இருக்கிறது. ஆனால் அது உடம்புக்கு இன்றியமையாதது என்பதற்கே போதிய சான்று இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2014இல் முடிவு செய்தது. செலினியத்தில் நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 55 மைக்ரோகிராம். மீனும் இறாலும் முட்டையும் சாப்பிடுபவருக்கு அது உணவிலேயே கிடைத்துவிடும். நாள்தோறும் 200 மைக்ரோகிராம் செலினியம் எடுத்துக்கொண்டவர்களிடம் நீரிழிவு கூடுதலாக வந்ததாக 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது; நீரிழிவு இருப்பவருக்கே அதைக் கொடுப்பது சரியல்ல. செலினியம் மிகுந்தாலும் முடி கொட்டும், நகம் உடையும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். துத்தநாகத்தை அதிக அளவில் பல மாதங்கள் சாப்பிட்டால் அது செம்புச் சத்தைக் குறைத்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும்.

மக்னீசியத்தை உணவில் தேடுவதற்கு நீங்கள் தொலைவு போக வேண்டியதில்லை. உளுந்து, துவரை, பாசிப்பயறு என்று இந்நாட்டில் விளைந்து இந்தியாவுக்குக் கப்பலேறும் பருப்புகளில் எல்லாம் அது நிறைய இருக்கிறது. எள்ளிலும் நிலக்கடலையிலும் கீரைகளிலும் உண்டு. நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி தவிட்டோடு சேர்த்து அதன் மக்னீசியத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. ஆகவே சோற்றைச் சற்றுக் குறைத்துப் பருப்பைக் கூட்டுவது உங்கள் சர்க்கரைக்கும் நல்லது. உப்பு வாங்கும்போது அயோடின் கலந்தது என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் அயோடின் மாத்திரையோ கடற்பாசி மாத்திரையோ வேண்டாம். எதிர்ப்பாற்றலால் பாதிக்கப்பட்ட தைராய்டு சுரப்பியை மிகுதியான அயோடின் மேலும் முடக்கும்.

இனி மாத்திரைகளின் நேரம். தைராய்டு மாத்திரையை எழுந்தவுடன் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் தேநீரோ உணவோ வேண்டாம். டின்பால் ஊற்றிய தேநீருக்கும் இது பொருந்தும். மெட்ஃபார்மினை வழக்கம்போல உணவோடு சாப்பிடுங்கள். கால்சியம் தேவை என்று மருத்துவர் சொன்னால் மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் அல்லது இரும்புக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். இரும்பு மாத்திரை ஃபெரிட்டின் குறைந்திருந்தால் மட்டுமே. மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு இரும்பின் தேவை குறைந்துவிடுகிறது. அப்படித் தேவைப்பட்டால் மாலையில், தேநீரோடு சேராமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒமெப்ரசோலும் வயிற்று அமிலத்தைக் குறைத்து, தைராக்சின் சேர்வதைச் சற்றுத் தடுக்கும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அது வேண்டுமா, அளவைக் குறைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சட்டென்று நீங்களாக நிறுத்தினால் நெஞ்செரிச்சல் கூடுதலாகத் திரும்பக்கூடும்.

டி.எஸ்.எச். 14 என்ற அறிக்கையைப் பார்த்ததும் தைராய்டு மாத்திரையின் அளவை 100 ஆக உயர்த்த மருத்துவர் எண்ணக்கூடும். அப்போது இந்தச் சத்து மாத்திரைகளையும், அவற்றை ஒன்றாக விழுங்கி வந்ததையும் மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். அவர் வேறு காரணம் ஏதும் காணாவிட்டால், பழைய 75 மைக்ரோகிராமையே மேலே சொன்ன முறையில் சாப்பிட்டு, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடியும் டி.எஸ்.எச். பாருங்கள். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால், அதற்கு முன் பார்க்கும் அளவை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நேரத்தைத் திருத்தாமல் அளவை உயர்த்திவிட்டு, பிறகு என்றாவது சத்து மாத்திரையை நிறுத்தினால், அந்த 100 மைக்ரோகிராம் முழுதும் உடம்பில் சேர்ந்து நெஞ்சுப் படபடப்பையும் எலும்புத் தேய்வையும் கொண்டுவரக்கூடும். இதற்கிடையில் கெண்டைக்கால் பிடிப்போடு விரல்கள் மரத்துப்போனாலோ, கை இழுத்துக்கொண்டாலோ, நெஞ்சு தாறுமாறாகத் துடித்தாலோ ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் சென்று மக்னீசியத்தையும் கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.